1969, ஆன் ஆர்பர்: மிச்சிகன் 24, ஒஹாயோ ஸ்டேட் 12

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், தோற்கவே வாய்ப்பில்லை என்று எல்லாரும் நினைத்த ஓர் அணியை அதன் பரம எதிரி வீழ்த்திய ஆட்டங்களில் எது பெரியது என்று கேட்டிருக்கிறீர்கள். 1969 மிச்சிகன் – ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தை இத்தனை வருடம் கழித்தும் ஏன் பேசுகிறார்கள், அது வெறும் அதிர்ஷ்டம்தானே என்றும் கூடவே ஒரு கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பார்வையில் அந்த ஆட்டம்தான் பெரியது. அதிர்ஷ்டத்துக்கு அதில் இருந்த பங்கு மிகக் குறைவு. நாடு முழுக்க அதிர்ந்தது உண்மை. ஆனால் அந்த அணிக்குள் இருந்தவர்கள் வசந்தகாலப் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்தே அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் உழைத்துக்கொண்டிருந்தார்கள். தோற்ற அணியின் பயிற்சியாளரிடம் தொழில் கற்ற ஒருவர், அவர் கற்றுக்கொடுத்ததையே எடுத்துக்கொண்டு வந்து அவரைத் தோற்கடித்தார். அதனால்தான் அந்த ஸ்கோர் இன்னும் மறக்கவில்லை.

இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ எறிந்தோ நூறு யார்டு நீள மைதானத்தின் மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் அது டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஓர் உதை சரியாகப் போனால் கூடுதலாக 1. உதைக்குப் பதில் மறுபடி ஓடியோ எறிந்தோ எல்லைக்குள் கொண்டுபோனால் 2. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி. நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முடியாது என்று தோன்றினால் பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் பன்ட். இந்த ஆட்டத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மிச்சிகனும் ஒஹாயோவும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். 1835-இலேயே டொலீடோ நகரம் இருக்கும் எல்லைத் துண்டுக்காக இரண்டு பக்கமும் படை திரட்டிக்கொண்டு நின்றவர்கள். டொலீடோ ஒஹாயோவுக்குப் போனது. மிச்சிகனுக்கு மாநில அந்தஸ்தும் வடக்கே மேல் தீபகற்பமும் கிடைத்தன. இரண்டு மாநிலப் பல்கலைக்கழகங்களும் கால்பந்தில் முதன்முதலாக மோதியது 1897-இல். 1935-க்குப் பிறகு பெரும்பாலும் பருவத்தின் கடைசி ஆட்டமே இதுதான். வருடம் முழுக்க என்ன செய்தாலும், நவம்பர் கடைசியில் இந்த ஒன்றில் தோற்றால் குளிர்காலம் முழுக்க ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

1950-இல் ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் பனிப்புயலுக்கு நடுவே ஓர் ஆட்டம் நடந்தது. மிச்சிகன் ஒரு தடவைகூடப் பத்து யார்டு முன்னேறாமலே 9–3 என்று ஜெயித்தது. அந்தத் தோல்விக்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட்டின் பயிற்சியாளர் விலகினார். 1951-இல் அவர் இடத்துக்கு வந்தவர் வூடி ஹேஸ்.

ஹேஸைப் பற்றிக் கொஞ்சம் நிறைய சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. ராணுவ வரலாற்றில் பெரும் ஈடுபாடு உள்ளவர், நிறையப் படிப்பவர், மாணவர்களின் படிப்பைப் பற்றி உண்மையான அக்கறை கொண்டவர். மைதானத்தில் அதே மனிதர் எரிமலை. தொப்பியைக் கிழிப்பார், கையில் அகப்பட்டதை வீசுவார். அவருடைய ஆட்டமுறையும் அவர் குணம் மாதிரியே நேரடியானது. பந்தை எறிவதில் அவருக்கு நம்பிக்கை குறைவு. பலசாலியான ஒரு ஃபுல்பேக்கிடம் பந்தைக் கொடுத்து நடுவிலேயே இடித்துக்கொண்டு போகச் சொல்வார். அந்த முறைக்கு ‘மூன்று யார்டும் ஒரு புழுதி மேகமும்’ என்று பெயரே உண்டு. மிச்சிகன் என்ற பெயரைக்கூட வாயால் சொல்லாமல் ‘வடக்கே இருக்கும் அந்த அணி’ என்பார். மிச்சிகன் மாநிலத்தில் பெட்ரோலுக்குக் காசு கொடுப்பதைவிட எல்லை வரை காரைத் தள்ளிக்கொண்டே போவேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை இன்றும் ஒஹாயோவில் உலவுகிறது.

1968-இல் அவரிடம் வந்து சேர்ந்த இரண்டாமாண்டு மாணவர் கூட்டம் அசாத்தியமானது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ரெக்ஸ் கெர்ன், தற்காப்பில் ஜாக் டேட்டம், ஜிம் ஸ்டில்வேகன், மைக் சென்சிபா, ஓட்டத்துக்கு ஜான் பிராக்கிங்டன், லியோ ஹேடன், பந்து பிடிக்க ஜேன் ஒயிட். அந்தக் காலத்தில் முதலாமாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது. அதனால் ஒரு வருடம் காத்திருந்து எல்லாரும் ஒரேயடியாகக் களத்தில் இறங்கினார்கள். அந்தப் பருவத்தில் தோல்வியே இல்லை. பருவம் முடிந்தபின் நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களில் ஒன்றான ரோஸ் பவுலில் ஓ. ஜே. சிம்ப்சன் ஆடிய தெற்கு கலிஃபோர்னியா அணியை 27–16 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள்.

அதே 1968-இல் மிச்சிகனும் ஒரே ஒரு தோல்வியோடு கொலம்பஸுக்குப் போனது. ஜெயிப்பவருக்குத்தான் இரண்டு அணிகளும் ஆடும் சங்கமான பிக் டென்னின் பட்டம். இடைவேளையில் 21–14. ஆட்டம் இன்னும் கையில் இருந்தது. இரண்டாம் பாதியில் எல்லாம் சரிந்தது. முடிவு 50–14. அந்தக் கடைசி டச்டவுனுக்குப் பிறகு, ஏற்கெனவே 36 புள்ளி முன்னிலை இருக்கும்போது, ஒஹாயோ ஸ்டேட் சும்மா ஓர் உதை உதைத்துவிட்டுப் போகவில்லை. இரண்டு புள்ளிக்கு முயன்றது. முயற்சி தோற்றது என்பது வேறு விஷயம். ஏன் இரண்டுக்குப் போனீர்கள் என்று கேட்டதற்கு, ‘மூன்றுக்குப் போக விதி இல்லையே’ என்று ஹேஸ் சொன்னதாகச் சொல்வார்கள். அப்படியே சொன்னாரோ இல்லையோ, மிச்சிகன் வீரர்கள் அந்த வாக்கியத்தை நம்பினார்கள். அது போதும்.

அந்தப் பருவத்தோடு பம்ப் எலியட் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விளையாட்டுத் துறை நிர்வாகத்துக்கு மாறினார். துறையின் புதிய இயக்குநர் டான் கேனம் அழைத்து வந்த ஆள், ஒஹாயோவில் மயாமி பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்த போ ஷெம்பெக்லர். ஃப்ளோரிடாவில் இருக்கும் மயாமி வேறு. இது ஆக்ஸ்ஃபர்ட் என்ற சிற்றூரில் இருக்கும் பழைய பல்கலைக்கழகம். ஷெம்பெக்லருக்கு அப்போது வயது 39. மிச்சிகன் ரசிகர்கள் பலருக்கு அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லவே வரவில்லை. யார் இந்த போ என்றுதான் ஊரே கேட்டது.

ஒஹாயோவில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. அவர் பிறந்ததே ஒஹாயோவின் பார்பர்ட்டனில். மயாமியில் மாணவராக ஆடியபோது அவருக்குப் பயிற்சியாளராக வந்தவர் வூடி ஹேஸ். பிறகு ஒஹாயோ ஸ்டேட்டில் பட்டமேற்படிப்பு உதவியாளராக ஹேஸிடம் இருந்தார். 1958 முதல் 1962 வரை முழுநேர உதவிப் பயிற்சியாளராக மறுபடியும் அவரிடமே இருந்தார். கூட்டங்களில் இருவரும் நாற்காலியைத் தூக்கி வீசிக்கொள்ளும் அளவுக்குச் சண்டை போட்டதை போ பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். ஹேஸ் எப்போது கோபப்படுவார், எந்த நிலையில் எந்த உத்தியைக் கையாள்வார், பின்தங்கினால் என்ன ஆவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தன்னுடைய ஆட்டப் புத்தகமும் கிட்டத்தட்ட ஹேஸின் புத்தகம்தான். ஆகவே தன் அணியைத் தினமும் பயிற்றுவித்தாலே பாதி வேலை முடிந்தது. எதிரில் நிற்கப்போகிற ஆட்டமும் அதே ஆட்டம்.

வசந்தகாலப் பயிற்சி கடுமை என்றால் அப்படி ஒரு கடுமை. இதமான பேச்சுக்குப் பெயர்போன எலியட்டின் கீழ் வந்த பையன்கள், கத்தியும் பிடித்துத் தள்ளியும் வேலை வாங்கும் ஒருவரிடம் மாட்டிக்கொண்டார்கள். பலர் விலகிப் போனார்கள். அப்போது போ ஒரு பலகையை எழுதி மாட்டினார்: ‘தங்குபவர்கள் சாம்பியன்கள் ஆவார்கள்.’ விலகிப்போன ஒரு மாணவர் அதன் கீழேயே, போகிறவர்கள் டாக்டர்களாகவும் வக்கீல்களாகவும் ஆவார்கள் என்ற பொருளில் எழுதிவிட்டுப் போனாராம். எனக்கு அந்தப் பையனையும் பிடிக்கும். ஆனால் தங்கியவர்களைப் பாருங்கள். பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்துவிடும் தடுப்பு வரிசையில் டேன் டீர்டார்ஃப், ரெஜி மெக்கென்சி. தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்டாக ஜிம் மேண்டிச், அணித் தலைவர். மூவருமே பிற்பாடு தொழில்முறைக் கால்பந்தில் பெயர் வாங்கியவர்கள். மேண்டிச் 1972-இல் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்ற மயாமி டால்ஃபின்ஸ் அணியில் இருந்தார். இவர்களையெல்லாம் மிச்சிகனுக்குக் கொண்டு வந்தவர் எலியட் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காலியாகக் கிடந்த வீட்டுக்கு போ வரவில்லை.

வசதி என்று பார்த்தால் ஒன்றுமில்லை. போவோடு மயாமியிலிருந்து வந்த உதவியாளர்கள் தங்களுக்குக் கொடுத்த அறையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அலமாரிக்குப் பதில் சுவரில் ஆணி, துருப்பிடித்த மடக்கு நாற்காலிகள். மயாமியிலேயே இதைவிட நன்றாக இருந்ததே என்றார்கள். அதே ஆணியில்தான் ஃபீல்டிங் யோஸ்ட் தொப்பி மாட்டியிருப்பார், அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார் என்று போ அவர்கள் வாயை அடைத்துவிட்டாராம். 1901-இல் வந்து எதிரணிகளையெல்லாம் துவைத்தெடுத்த பயிற்சியாளர் யோஸ்ட்.

அப்புறம் அந்த 50. ஒஹாயோ ஸ்டேட் போல ஆடிக்காட்டும் பயிற்சி அணியின் சட்டைகளில் 50 என்ற எண். ஆட்டத்துக்கு முந்தைய வாரத்தில் கண்ணில் படும் இடமெல்லாம் 50. முந்தைய வருடம் எதிரணி அடித்த புள்ளிகள் அவை. இந்த விவரத்தை எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கோபம் முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான் உதவும். தொடக்கத்தில் மிச்சிகன் பின்தங்கத்தான் செய்தது. உதவியது வேறு.

பருவம் சுமாராகத்தான் தொடங்கியது. மிசூரியிடம் 40–17 என்று அடி. அதே மாநிலத்து இன்னொரு பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட்டிடம் 23–12 என்று இன்னொரு தோல்வி. அதன்பின் அணி பிடித்த வேகம் வேறு மாதிரி. ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் அயோவாவை அதன் ஊரிலேயே 51–6 என்று நொறுக்கினார்கள். உடைமாற்றும் அறைக்குள் போனதும் அந்த வெற்றியைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த வாரத்து எதிரியின் பெயரைச் சொல்லித்தான் கத்தினார்கள்.

எதிரில் இருந்தவர்களின் கணக்கைப் பாருங்கள். 62–0, 41–14, 54–21, 34–7, 41–0, 35–6, 62–7, 42–14. எட்டு ஆட்டம், எட்டு வெற்றி. ஓர் அணிகூட 27 புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்கவில்லை. முந்தைய பருவங்களையும் சேர்த்துத் தொடர்ந்து 22 வெற்றி. இந்த அணியைத் தொழில்முறை அணிகளோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் அப்போது இருந்தார்கள். பந்தயக்காரர்கள் ஒஹாயோ ஸ்டேட் 17 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்றார்கள். தரவரிசையில் ஒஹாயோ ஸ்டேட் முதலிடம், மிச்சிகன் 12.

இன்னொரு விதியும் சூழலை இறுக்கியது. அந்தக் காலத்தில் பிக் டென் அணி ஒன்று தொடர்ந்து இரண்டு வருடம் ரோஸ் பவுலுக்குப் போகக் கூடாது. வேறு எந்தப் பவுல் ஆட்டத்துக்கும் போகவும் அப்போது அனுமதி இல்லை. ஆகவே ஒஹாயோ ஸ்டேட்டுக்கு, மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் நடக்கும் இதுதான் பருவத்தின் கடைசி ஆட்டம். இதில் ஜெயித்தால் இரண்டாவது தேசியப் பட்டம் ஏறக்குறைய கையில். ரோஸ் பவுல் எப்படியும் கிடையாது.

நவம்பர் 22, சனிக்கிழமை. மிச்சிகன் மைதானத்தில் 1,03,588 பேர். பெருங்கூட்டம். அதில் ஒஹாயோவிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தவர்களும் உண்டு. வாங்கிவைத்த வெற்றியைக் கொண்டாட வந்தவர்கள் மாதிரிதான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒஹாயோ ஸ்டேட் முதல் தடவையே மிச்சிகன் எல்லைக்குள் ஆழமாக வந்துவிட்டது. நான்காவது முயற்சியில் ஃபுல்பேக் ஜிம் ஓட்டிஸிடம் பந்தைக் கொடுத்தார்கள், மிச்சிகன் தடுத்துவிட்டது. என்னைக் கேட்டால் அன்றைய ஆட்டத்தின் முதல் திருப்பம் இதுதான். ஹேஸின் அணி தன் பலத்தையே நம்பிச் செய்த காரியம் பலிக்கவில்லை. அடுத்த வாய்ப்பில் ஓட்டிஸ் ஒரு யார்டு தூரத்திலிருந்து உள்ளே நுழைந்துவிட்டார். ஆனால் கூடுதல் உதை தவறியது. 6–0.

மற்ற அணிகள் இந்தக் கட்டத்திலேயே மனதளவில் சரிந்திருக்கும். மிச்சிகன் நிதானமாகப் பதில் கொடுத்தது. குவார்ட்டர்பேக் டான் மூர்ஹெட் பந்தை நகர்த்திக்கொண்டே வந்தார். கடைசி மூன்று யார்டை ஃபுல்பேக் கார்வி க்ரா இடித்து முடித்தார். 7–6. அந்தப் பருவம் முழுக்க ஒஹாயோ ஸ்டேட் பின்தங்கி ஆடிப் பழகவே இல்லை.

இரண்டாம் கால்பகுதி தொடங்கியதும் கெர்ன் 22 யார்டு எறிந்து ஜேன் ஒயிட்டுக்கு ஒரு டச்டவுன். உதையும் சரியாகப் போனது. 13–7 என்று பலகையில் ஏறியிருக்க வேண்டும். அந்த உதையின்போது மிச்சிகன் வீரர்கள் கோட்டைத் தாண்டி முன்வந்ததால் அபராதம். கிடைத்த ஒரு புள்ளியை வைத்துக்கொள்ளலாம், அல்லது அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெருங்கிய தூரத்திலிருந்து இரண்டு புள்ளிக்கு முயலலாம். ஹேஸ் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். மிச்சிகன் தடுத்தது. 12–7. ஒரு வருடத்துக்கு முன் அதே எதிரிக்கு எதிராக இரண்டுக்கு ஆசைப்பட்டது பலிக்கவில்லை. இந்தத் தடவையும் பலிக்கவில்லை. ஒஹாயோ ஸ்டேட் அன்று அடித்த கடைசிப் புள்ளிகள் அவை.

அதன்பின் வந்த பத்துப் பன்னிரண்டு நிமிட ஆட்டம்தான் இந்தக் கதையின் உயிர். மிச்சிகன் மறுபடி நகர்ந்தது. பில்லி டெய்லர் பிடிக்க வந்தவர்களை உதறிக்கொண்டு 28 யார்டு ஓடி எல்லைக்கு அருகே கொண்டுவந்தார். க்ரா ஒரு யார்டிலிருந்து உள்ளே. 14–12. ஒஹாயோ ஸ்டேட்டால் நகர முடியவில்லை. பன்ட் உதைத்தது.

பந்தைப் பிடித்தவர் பாரி பியர்சன். நடுவில் ஒரு பாதை திறந்தது. 60 யார்டு. மூன்றாவது யார்டுக் கோட்டில்தான் அவரைக் கீழே தள்ள முடிந்தது. மிச்சிகன் வானொலி வர்ணனையாளர் பாப் யூஃபர் மிச்சிகன் ஜெயிக்கும்போது தன் குரலை அடக்க முயன்றதே கிடையாது. அந்த ஓட்டத்துக்கு அவர் கத்திய கத்தலை ஆன் ஆர்பரில் இன்றும் ஒலிபரப்புகிறார்கள். மூர்ஹெட் தானே பந்தோடு உள்ளே போனார். 21–12. இடைவேளைக்கு முன் டிம் கில்லியனின் 25 யார்டு ஃபீல்ட் கோல். 24–12.

அன்றைய எல்லாப் புள்ளிகளும் முதல் பாதியிலேயே முடிந்துவிட்டன. முப்பத்தாறு புள்ளி, அப்புறம் ஒன்றுமே இல்லை. இடைவேளையில் தற்காப்புப் பயிற்சியாளர் ஜிம் யங் கரும்பலகையை அடித்து அடித்து, இனி அவர்கள் ஒரு புள்ளிகூட எடுக்கப்போவதில்லை என்று திரும்பத் திரும்பக் கத்தினார். போ உள்ளே வந்தபோது அவர் சொல்வதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

அதிர்ஷ்டம்தானே என்ற கேள்விக்கு இரண்டாம் பாதியில் நடந்ததுதான் பதில். ஒஹாயோ ஸ்டேட் பின்தங்கியதும் ஹேஸுக்கு வேறு வழியில்லாமல் போனது. இடித்து ஓடும் முறையில் நேரம் கரையும். ஆகவே எறிய வேண்டியிருந்தது. எறிவது அந்த அணியின் இரண்டாவது மொழி. மிச்சிகன் அதற்குத்தான் காத்திருந்தது. அன்று முழுவதும் சேர்த்து ஆறு பந்துகளை வழிமறித்துப் பிடித்தார்கள். பியர்சன் மூன்று, டாம் கர்ட்டிஸ் இரண்டு, தாம் டார்டன் ஒன்று. கெர்ன் எறிந்ததில் நான்கு. அவருக்குப் பதிலாக வந்த ரான் மாசியெஜோவ்ஸ்கி எறிந்ததில் இரண்டு. ஒரு பந்து வழிமாறிப் போவது தற்செயல். ஆறு போவது, எதிரி எங்கே எறிவான் என்று தெரிந்துகொண்டு நின்றவர்களின் வேலை. ஹேஸ் நெருக்கடியில் என்ன செய்வார் என்று ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அன்று எதிர்ப்பக்கம் நின்றார்.

நேரம் முடியும்போது ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி கோல் கம்பங்களைப் பிடுங்கினார்கள். நூற்றாண்டின் மிகப்பெரிய அதிர்ச்சி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தொலைக்காட்சி வர்ணனையாளர் பில் ஃபிளெமிங் சொன்னார். அந்த வருடத்தில் அந்தச் சொற்றொடர் சும்மா வராது. அதே 1969 ஜனவரியில் தொழில்முறைக் கால்பந்தில் நியூயார்க் ஜெட்ஸ், அக்டோபரில் பேஸ்பாலில் நியூயார்க் மெட்ஸ் என்று யாரும் நினைத்துப் பார்க்காத அணிகள் பட்டம் வென்றிருந்தன. கல்லூரிக் கால்பந்து தொடங்கி நூறாவது வருடமும் அதுவே.

உடைமாற்றும் அறையில் நடந்த ஒன்று எனக்கு எந்த டச்டவுனையும்விடப் பெரியதாகத் தெரிகிறது. வெற்றி பெற்ற ஆட்டப் பந்தை வீரர்கள் பம்ப் எலியட்டிடம் கொடுத்தார்கள். முந்தைய வருடம் 50–14 என்று தோற்றுப் பொறுப்பிலிருந்து விலகியவர். தங்களைத் தேடி வந்து சேர்த்தவர் அவர் என்பதை அந்தப் பையன்கள் மறக்கவில்லை. போவும் அதை மறக்கவிடவில்லை.

பின்விளைவுகள் வேகமாக வந்தன. பிக் டென் பட்டத்தை இரண்டு அணிகளும் பகிர்ந்துகொண்டன. காலியான முதலிடத்தை டெக்சாஸ் பிடித்தது. டிசம்பர் 6 அன்று அது ஆர்கன்சாஸை 15–14 என்று வென்று தேசியப் பட்டத்தை எடுத்துக்கொண்டது. மிச்சிகன் ரோஸ் பவுலுக்குப் போனது. ஆனால் ஆட்டத்துக்கு முந்தைய இரவு போவுக்கு மாரடைப்பு. அவருக்கு அப்போது 40 வயது. ஜிம் யங் அணியை நடத்தினார். தெற்கு கலிஃபோர்னியா 10–3 என்று ஜெயித்தது.

ஹேஸ் அந்தத் தோல்வியை விழுங்கிவிட்டுப் போகிற ஆள் இல்லை. 24–12 என்ற ஸ்கோரை ஒரு விரிப்பில் பொறித்து, தன் வீரர்கள் பயிற்சிக்குப் போகும் வழியில் போட்டுவைத்தார். அடுத்த வருடம் இரண்டு அணிகளும் ஒரு தோல்வியும் இல்லாமல் கொலம்பஸில் மோதின. ஒஹாயோ ஸ்டேட் 20–9 என்று பழிதீர்த்தது. 1969 முதல் 1978 வரை இருவரும் பத்துத் தடவை எதிரெதிர் நின்றதைத்தான் பத்தாண்டுப் போர் என்பார்கள். மிச்சிகனுக்கு ஐந்து வெற்றி, ஒஹாயோ ஸ்டேட்டுக்கு நான்கு, 1973-இல் ஒரு 10–10 சமன். அந்தப் பத்து வருடமும் பிக் டென் பட்டத்தில் இந்த இருவரில் ஒருவருக்காவது பங்கு இருந்தது. அப்போது பத்து அணிகள் இருந்த சங்கத்தை ‘பெரிய இருவர், சின்ன எண்மர்’ என்று கேலி செய்தார்கள்.

1978 டிசம்பரில் கேட்டர் பவுல் ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவரை அடித்ததற்காக ஹேஸ் பதவியை இழந்தார். அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் சீடருக்கும் ஆசானுக்கும் இடையே இருந்த உறவு அதோடு முறியவில்லை. 1987-இல் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்கூட, உடல் மிகவும் தளர்ந்த நிலையிலும், போவைப் பாராட்டிப் பேச ஹேஸ் ஒரு விருந்துக்கு வந்தார். 1969 அணிதான் தான் உருவாக்கியதிலேயே சிறந்த அணியாக இருக்கும், அந்த வெற்றியைவிடப் பெரிய ஒன்றை நீ இனி பார்க்கப்போவதில்லை என்று ஹேஸ் தன்னிடம் சொன்னதை போ பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். போ 1989 வரை மிச்சிகனில் இருந்து 194 ஆட்டங்கள் வென்றார். 2006 நவம்பர் 17 அன்று இறந்தார். மறுநாள் கொலம்பஸில் முதலிடத்து ஒஹாயோ ஸ்டேட்டும் இரண்டாமிடத்து மிச்சிகனும் மோத இருந்தன.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கணக்கில் பார்த்தால் உண்டு. 2007-இல் அதே ஆன் ஆர்பர் மைதானத்தில், அப்போது ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடிய அப்பலாச்சியன் ஸ்டேட், ஐந்தாம் இடத்து மிச்சிகனை 34–32 என்று வென்றது. பலமில்லாத அணி பலமான அணியை வென்றது என்ற அளவில் அதற்கு இணை இல்லை. ஆனால் அந்த இரண்டு அணிகளுக்கும் நடுவே பழைய பகை எதுவும் கிடையாது. அடுத்த வருடம் அவர்கள் வேறு வேறு வழியில் போய்விட்டார்கள். 1972-இல் ஆபர்ன், இரண்டு பன்ட்களைத் தடுத்து அலபாமாவை 17–16 என்று வென்றது பரம எதிரிகளுக்கு நடுவே நடந்ததுதான். அது மிக அழகான ஆட்டம், நானும் அதை விரும்புகிறேன். ஆனால் கடைசிக் கால்பகுதியில் ஒரே மாதிரி இரண்டு தடவை நடந்த அற்புதம் அது. மறுநாள் அதே அணிகள் ஆடினால் அலபாமா ஜெயித்திருக்கும் என்று ஆபர்ன்காரர்களே ஒப்புக்கொள்ளக்கூடும்.

1969-இல் கடைசி நொடிப் பதற்றம் என்று ஒன்று இல்லவே இல்லை. நாட்டின் முதலிடத்து அணி 30 நிமிடம் முழுக்க 12 புள்ளி பின்தங்கி, தனக்குத் தெரிந்த எல்லா வழியையும் முயன்றும் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாமல் தோற்றது. பழைய பதிவு கிடைத்தால் பியர்சன் ஓட்டத்தோடு நிறுத்திவிடாமல் மூன்றாம் கால்பகுதியையும் உட்கார்ந்து பாருங்கள். கெர்ன் எறிவதற்குப் பின்வாங்கும் ஒவ்வொரு தடவையும் மிச்சிகன் தற்காப்பு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். வழிமறித்த அந்த ஆறு பந்துகளில் பாதிக்கு விடை அங்கேயே தெரிந்துவிடும்.